மறு: ஒளியிழை வச்சு விரிசல் கண்காணிப்பு – ‘பகிர்ந்த ஒலி உணர்தல்’ சரியா?

> டிஸ்ட்ரிபியூட்டட்னா பகிர்ந்த, அக்கூஸ்டிக்னா ஒலி. ‘பகிர்ந்த ஒலி உணர்தல்’னு வச்சா முடிஞ்சுது.

முடியலீங்க ஐயா, டிஸ்ட்ரிபியூட்டட் அக்கூஸ்டிக் சென்சிங்குக்கு சரியான தமிழ்ப் பேரு இன்னும் கிடைக்கல. பகிர்ந்தன்னா யாரோ பங்கு பிரிச்ச மாதிரி இருக்கு, இங்க யாரும் எதையும் பிரிக்கல. தண்ணிய அழுத்தி பாறைய பொளக்கற எண்ணெய்க் கிணத்துல, உறைக்குழாய்க்கு வெளிய சிமென்ட்டோட சேத்து கேபிள் இறக்கிடறாங்க, உள்ள இருக்கற கண்ணாடி இழை மேல இருந்து அடி வரைக்கும் முழுக்க சென்சார்தான், வழியில தனியா ஒரு கருவியும் மாட்டறதில்ல. லேசர் துடிப்பு போகப்போக கண்ணாடியில இருக்கற நுணுக்கமான சீரின்மையில பட்டு கொஞ்சூண்டு ஒளி பின்னாடி சிதறி வருது, இதுக்குப் பேரு ராலே சிதறல், ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப ஏறக்குறைய 10 மைக்ரோசெகண்ட், அதனால வந்து சேர்ற நேரத்த வச்சே இழை எந்த இடத்துல அசைஞ்சுதுன்னு சொல்லிடலாம். காசிமேட்டுல தூண்டில் போடறவருக்கு தங்கூஸ் இழுத்தா விரல்ல தெரியும், ஆனா வழியில எங்க உரசுச்சுன்னு தெரியாது. இங்க அந்த ‘எங்க’தான் மேட்டரே, பேர்ல அது வரணும்.

அதனால என் ஓட்டு ‘நெடுகுணர்தல்’. நெடுகன்னா வழி பூரா, எல்லாருக்கும் புரியும். அக்கூஸ்டிக்குக்கு ஒலிக்கு பதிலா அதிர்வுன்னு வச்சு இதுக்கு அதிர்வு நெடுகுணர்தல், ராமன் சிதறல்னு இன்னொரு வகை சிதறல வச்சு சூடு பாக்கறதுக்கு வெப்பநிலை நெடுகுணர்தல், குடும்பமா வந்துடும். வெப்பநிலையும் இதுல முக்கியம், பொளக்க மேல இருந்து அனுப்பற தண்ணி பாறைய விட குளிர்ச்சி, பம்ப்ப நிறுத்தின பிறகு உறைக்குழாயில போட்ட எந்த துளை மெதுவா சூடேறுதோ அது நிறைய தண்ணி குடிச்சிருக்குன்னு ஊகிக்கறாங்க.

(இப்படி தண்ணிய அழுத்தி பொளக்கற ஹைட்ராலிக் ஃப்ராக்சரிங்க நீரியல் விரிசல்ங்கறதும் எனக்கு உறுத்துது, நீரியல்னா ஆறு மழை படிக்கறது இல்லையா? நீரழுத்தப் பிளப்புன்னு போடலாம். அதுக்கு தனி விவாதம் ஆரம்பிங்க.)

– தண்டையார்பேட்டையிலிருந்து

---

அண்ணே, நெடுகுணர்தலுக்கு நானும் கை தூக்கறேன். ஆனா அதிர்வுன்னா இன்னா அர்த்தம்ணே? பக்கத்து கிணத்துல பொளக்கும்போது விரிசல் வந்து இழைய தொட்ட இடம் இழுபடுது, அதுக்கு ரெண்டு பக்கமும் நசுங்குது, அந்த சிக்னல் ஒரு ஹெர்ட்ஸுக்கும் ரொம்ப கீழ, அத அதிர்வுன்னு யாரு சொல்லுவா.

– மணலி

---

மணலி தங்கச்சி, கேள்வி நியாயம்தான், ஆனா அதிர்வ தூக்கிடாதம்மா. இதே கருவிய எண்ணெய்க் குழாய் ஓரமா போட்டா மேல ஜேசிபி தோண்டறது அதிர்வாத்தான் தெரியும். 2013ல எங்க தண்டையார்பேட்டையில போர் தண்ணியில எண்ணெய் கலந்து வந்துச்சே, நம்ம ஊர்க்காரனுக்கு டெக்சாஸ் பிளப்ப விட குழாய் கதைதான் கிட்ட. மெதுவா நடக்கறத ‘மெல்திரிபு’ன்னு பிரிச்சிடலாம், ஸ்ட்ரெயினுக்கு திரிபுன்னு பாடப்புத்தகத்துலயே இருக்கு. அப்ப அதிர்வு நெடுகுணர்தல் கருவியோட பேரு, மெல்திரிபு அதுல வடிகட்டி எடுக்கற ஒரு சிக்னல்.

மேல உக்காந்து லேசர் அடிச்சு பதில் வாங்கற பெட்டிக்கு, இன்டராகேட்டருக்கு, ‘வினவி’ன்னு போட்டு வச்சிருக்கேன். போலீஸ் விசாரணை வாடை அடிக்காம வேற இருந்தா சொல்லுங்க.