ஒருசேரப் பாய்வு, எடுப்பளவு, கடைமடை: குளியலறை வெந்நீருக்கான சொற்கள்

ஐயா,

பல குளியலறைகளில் ஒரே நேரத்தில் ஷவர் திறந்தால் ஓடும் நீரின் அளவுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் நம் கேள்வி. அதற்கு 'உச்சத் தேவை' வேண்டாம் என்பது என் கருத்து. அது மின்சாரத்தில் ஊறிய சொல். கேட்டவுடன் கிலோவாட்தான் நினைவுக்கு வரும். 'உடனிகழ் தேவை' பிழையில்லாத சொல்தான், ஆனால் கும்பகோணத்தில் ஒரு பிளம்பரிடம் சொன்னால் என்னவென்று திரும்பக் கேட்பார். வீட்டுக்காரர்கள் கேட்பது, "மூணு ரூம்லயும் ஒருசேரத் தொறந்தா சுடுதண்ணி வருமா?" என்றுதான். அந்தப் பேச்சிலிருந்தே 'ஒருசேரப் பாய்வு' என்று எடுத்துக்கொள்வோம். அலகு, நிமிடத்துக்கு லிட்டர்.

'தேவை' என்று முடிக்காததற்குக் காரணம் உண்டு. அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு அளவுகள் கலந்து, கணக்கே தப்பிப்போகிறது. மார்கழி விடியலில் மாடித் தொட்டி நீர் 24 பாகை செல்சியஸ் என்று கொள்வோம். குளிக்க 40 பாகை. ஷவர் ஒன்றுக்கு நிமிடம் 8 லிட்டர் என்றால், மூன்றுக்கும் ஒருசேரப் பாய்வு 24 லிட்டர். ஓடும் நீரை அப்படியே சூடாக்க ஏறத்தாழ 27 கிலோவாட் வேண்டும். ஒன்பது 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர்களின் வேலை அது! வீட்டு வயரிங் தாங்காது.

சேமிப்புக் கீசருக்கோ இன்னொரு அளவு வேண்டும். மூவரும் எட்டு நிமிடம் குளித்தால் கலந்த நீர் 192 லிட்டர். கலனில் 60 பாகை இருந்தால் அந்த 192-இல் 85 லிட்டர்தான் கலனிலிருந்து வரும் வெந்நீர், மீதி பச்சைத் தண்ணீர். இந்த 85-ஐ 'எடுப்பு' எனலாம். கலனுக்குள் அடியில் குளிர்நீர் புகுந்து கலப்பதால் கொள்ளளவு முழுவதும் சூடாகக் கிடைக்காது; ஐந்தில் நான்கு பங்கு என்று வைத்தால் 107 லிட்டர் வருகிறது. நூறு லிட்டர்க் கலன் கடைசி நிமிடத்தில் கைவிடும், 125 அல்லது 150 வாங்க வேண்டும். 2 கிலோவாட் சூடேற்றும் கம்பியில் 125 லிட்டர் சூடேற ஏறக்குறைய 2 மணி 40 நிமிடம் ஆகும். ஆகவே எடுப்பு கலனைத் தீர்மானிக்கிறது, ஒருசேரப் பாய்வு குழாயைத் தீர்மானிக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் கூடாது.

*

ஐயா, வணக்கம்.

'ஒருசேரப் பாய்வு' மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. 'எடுப்பு' மட்டும் இடறுகிறது. நம் பக்கம் எடுப்புச் சாப்பாடும் இருக்கிறதே. 'எடுப்பளவு' என்றால் குழப்பமில்லை.

கலனுக்கு மிகத் தொலைவிலுள்ள ஷவருக்குப் பெயர் தேட வேண்டியதே இல்லை. அதுதான் 'கடைமடை', வாய்க்காலில் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தின் பெயர். தலைமடைக்காரர் திறந்ததும் கடைமடை காய்வது டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டாத செய்தி. முதன்மை வெந்நீர்க் குழாயை முக்கால் அங்குலத்துக்குப் பதில் அரை அங்குலமாகப் போட்டால் அதே பாய்வுக்கு உராய்வு ஐந்தாறு மடங்காகும். மொட்டைமாடித் தொட்டி ஷவருக்குப் பத்தடி மேலே இருந்தாலும் கிடைப்பது 0.3 பார் அழுத்தம்தான், அதை உராய்வுக்கே கொடுத்துவிட்டால் கடைமடையில் சொட்டுத்தான் விழும்.

இதற்காகக் குளிர்நீருக்கு மட்டும் பிரஷர் பம்பு வைப்பது பெரிய தவறு. மிக்சருக்குள் குளிர்நீர் வெந்நீர்க் குழாய்க்கே எதிரேறும். பம்புக்குப் பிறகுதான் இரண்டு வழியும் பிரிய வேண்டும், கீசரும் அழுத்தம் தாங்குவதாக இருக்க வேண்டும். காற்றுக்குழாய் திறந்திருக்கும் கண்ணாடிக் குழாய் சோலார் ஹீட்டர் இதற்கு ஆகாது.

கீசருக்குள் நீர் புகும் வாயில் என்.ஆர்.வி. (நீரைத் திரும்பவிடாத ஒருவழி வால்வு) போட்டபின் இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. 100 லிட்டர் நீர் 24-இலிருந்து 60 பாகைக்குச் சூடாகும்போது சுமார் ஒன்றரை லிட்டர் விரிகிறது. திரும்ப வழியில்லாமல் அது பாதுகாப்பு வால்வில் சொட்டும். ஒழுகல் என்று நினைத்து அந்த முனையை அடைத்துவிடுகிறார்கள், அது கலன் வெடிக்கும் அளவுக்கு ஆபத்து. அந்தச் சொட்டுக்கு 'விரிவுநீர்' என்ற பெயரை முன்வைக்கிறேன். அதன் குழாயைக் கீழ்நோக்கி வெளியே விட்டு, முனையைத் திறந்தே வைக்க வேண்டும்.