முத்துக்கிருஷ்ணன் என்ற பெயரின் நீளம் எவ்வளவு?

கேள்வி: அரைப்புள்ளி

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் உறுப்பினர் பதிவேட்டைத் தமிழில் பதியும்படி மாற்றித் தரும் வேலை எங்களிடம் வந்திருக்கிறது. பழைய நிரலில் பெயருக்கு 50 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். தலைப்பெழுத்துக்குத் தனிக் கட்டம் இருப்பதால், எந்தப் பெயருக்கும் அது தாராளமாகப் போதும் என்பதே ஒப்பந்தம் போட்ட அனைவரின் எண்ணமும். சோதனைக்காக ‘முத்துக்கிருஷ்ணன்’ என்று உள்ளிட்டபோது, பெயர் நீளமாக இருப்பதாகச் சொல்லித் தரவுத்தளம் ஏற்க மறுத்துவிட்டது. அதன் கணக்கில் அந்தப் பெயரின் நீளம் 51. படிவத்தில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் அதே பெயரை 17 என்கிறது. சங்கத்தின் செயலாளரோ விரல்விட்டு எண்ணி, ஒன்பதே எழுத்துகள்தாமே என்று கேட்கிறார். மூன்று தரப்பும் தத்தம் கணக்கில் உறுதியாக நிற்கின்றன. படிவத்தில் ‘அதிகபட்சம் 20 எழுத்துகள்’ என்று அச்சிட வேண்டும் என்பது சங்கத்தாரின் நிபந்தனை. நான் யாருடைய எண்ணிக்கையை நம்பி நிரல் எழுதுவது?

மறுமொழி: எட்டுபிட்

மூவர் சொல்வதும் சரிதான். வெவ்வேறு பொருள்களை எண்ணுகிறார்கள், அவ்வளவே. செயலாளர் எண்ணுவது பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்துகளை: மு, த், து, க், கி, ரு, ஷ், ண, ன். ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுவது, தமிழைப் பொறுத்தவரை, யுனிகோட் குறியெண்களை, அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுத் தரம் ஒவ்வொரு குறிக்கும் தந்திருக்கும் எண்களை. யுனிகோடில் ‘மு’ என்பது ஓர் எழுத்தன்று; ‘ம’ ஒரு குறியெண், உகரக் குறி இன்னொன்று. அதேபோல் மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக் குறியெண். ஆக இந்தப் பெயரில் ‘ண’ ஒன்றுதான் ஒற்றைக் குறியெண். மற்ற எட்டும் இரண்டிரண்டு. மொத்தம் 17. குறியெண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் தேவைப்படுவதால், தரவுத்தளத்தின் கணக்கு 51 ஆகிவிடுகிறது.

உங்கள் தரவுத்தளம் எதுவென்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஆரக்கிளில் வேறு வகையாகச் சொல்லாவிட்டால் எழுத்துவகைப் புலத்தின் நீளம் பைட் கணக்கிலேயே கொள்ளப்படும். மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரஸிலும் அது குறியெண் கணக்கு. எனவே அடியில் இருக்கும் புலத்தைக் குறியெண் கணக்குக்கு மாற்றித் தாராளமாக விட்டுவிட்டு, மனிதருக்குக் காட்டும் ‘20 எழுத்துகள்’ என்ற எல்லையை மட்டும் செயலாளரின் முறைப்படி எண்ணுங்கள். அதற்கு ஜாவாஸ்கிரிப்டில் இப்போது ‘செக்மென்டர்’ என்ற வசதி இருக்கிறது. ஸ்விஃப்ட் நிரல்மொழி தொடக்கத்திலிருந்தே எழுத்துச் சரத்தின் நீளத்தை இப்படித்தான் எண்ணுகிறது. ஆனால் கூட்டெழுத்துகளில் கவனம் தேவை: ‘லக்ஷ்மி’ என்ற பெயரில் கண்ணுக்கு மூன்று உருவங்களே தெரிந்தாலும், யுனிகோடின் பொது விதி ‘க்’ஐயும் ‘ஷ்’ஐயும் தனித்தனியாகப் பிரித்து நான்கு என்றே சொல்லும்.

எதைச் செய்தாலும், மிகுதியை வெட்டிவிட்டுச் சேமிக்கும் குறுக்குவழியை மட்டும் நாடாதீர்கள். இந்தப் பெயரை 50 பைட்டில் வெட்டினால் கடைசிப் புள்ளியின் மூன்று பைட்டுகளில் இரண்டு மட்டும் எஞ்சும். ரசீதில் பெயரின் முடிவில் கறுப்புச் சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி நிற்கும். நாகரிகமாக 16 குறியெண்ணில் வெட்டினாலும் புள்ளி போய், அவர் ‘முத்துக்கிருஷ்ணன’ ஆகிவிடுவார்.

மறுமொழி: பழுப்புத்திரை

இத்தனை தொல்லைக்கும் வேர், யுனிகோட் நமக்கு ஒதுக்கிய 128 இடங்கள் கொண்ட சிறு தொகுதியே. இந்திய எழுத்துகளுக்காக 1988-இல் வெளிவந்த இஸ்கி தரத்தின் அடுக்கு முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, உயிர்மெய்களுக்கு இடமில்லாமல் செய்துவிட்டார்கள். தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்ற டேஸ்16 முறையில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் உண்டு. அதில் உங்கள் செயலாளரின் ஒன்பதும் ஜாவாஸ்கிரிப்டின் ஒன்பதும் ஒத்துப்போயிருக்கும்.

மறுமொழி: எட்டுபிட்

ஒத்துப்போயிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறியெண்கள் யுனிகோடின் தனிப்பயன் பகுதியில், அதாவது அவரவர் விருப்பப்படி பயன்படுத்த விடப்பட்ட இடத்தில், இருப்பவை; பொதுவான எழுத்துருக்களில் அவற்றுக்கு உருவம் இராது. உறுப்பினரின் கைப்பேசியில் அந்த ஒன்பது எழுத்துகளும் ஒன்பது வெற்றுக் கட்டங்களாகத் தெரியும்போது, எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று அவரிடம் ஆறுதல் சொல்ல முடியாது.

மறுமொழி: மணியோசை

தவணை நினைவூட்டலைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் பகுதியும் இந்த நிரலில் இருக்குமென்றால், அதற்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துகளை ஏழேழு பிட்டாகச் சுருக்கி அடைப்பதால் 160 கொள்கிறது. தமிழுக்கு ஒரு குறியெண்ணுக்கு 2 பைட் வீதம் 70தான். அதைத் தாண்டினால் செய்தி பல துண்டாகி, துண்டுகளை இணைக்கும் தலைப்புக்கும் இடம் போய், துண்டுக்கு 67 என்று சுருங்கும். முத்துக்கிருஷ்ணனின் பெயரே 17ஐ எடுத்துக்கொண்டால், வணக்கம் சொல்லித் தொகையும் தேதியும் எழுதுவதற்குள் இரண்டாம் துண்டு தொடங்கிவிடும். கட்டணமும் இரண்டு செய்திக்கானது. ஆங்கிலத்தில் அனுப்பித் தப்பிக்கலாம் என்று நினைத்த ஒருவர், தொகைக்கு முன்னால் அழகுக்காக ரூபாய்க் குறியைச் சேர்த்தார். அந்த ஏழு பிட் பட்டியலில் ரூபாய்க் குறி இல்லாததால் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறி, மாதக் கட்டணச் சீட்டு வந்த பிறகே விஷயம் வெளிப்பட்டது. ‘ரூ.’ என்பதைக்கூட ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டியிருந்தது.

மறுமொழி: கொம்புசுழி

நீளத்தைவிடப் பெரிய சிக்கல் தேடலில் காத்திருக்கிறது. ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் உள்ளிடலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் உள்ளிடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இதை யுனிகோடின் இயல்பாக்க முறையான என்எஃப்சி சரிசெய்துவிடும், ஆகவே சேமிக்கும் முன் தவறாமல் அதன் வழியே அனுப்புங்கள். ஆனால் ‘கௌரி’ என்ற பெயரைப் பலர் ‘கெ’ போட்டு, அடுத்து ‘ள’கரத்தைத் தட்டி எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே தெரியும். முதலாவதில் நான்கு குறியெண்கள், இரண்டாவதில் ஐந்து. எந்த இயல்பாக்கமும் இதைத் தொடாது, ஏனெனில் யுனிகோடைப் பொறுத்தவரை ‘கெள’ என்பது முறையான இரண்டு எழுத்துகள். விளைவு, ஒரே கௌரிக்கு இரண்டு உறுப்பினர் எண்கள் கிடைக்கும். ஒரே பெயர் இருமுறை பதிவாகாமல் தடுக்கும் உங்கள் தரவுத்தளத்தின் தனித்தன்மைக் கட்டுப்பாடு இருவரையும் வரவேற்று உட்கார வைக்கும்.

ஒற்றைக் கொம்புக்குப் பின் ‘ள’ வரும் இடங்களையெல்லாம் கண்மூடித்தனமாக ஔகாரமாக மாற்றினால் கெளுத்தி மீனும் வெள்ளையம்மாளும் சிதைந்துவிடுவார்கள். அந்த ‘ள’வுக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாதபோது மட்டும் மாற்றுங்கள். அப்போதும் தானாக மாற்றிச் சேமிக்காமல், ‘இதுவா நீங்கள் எழுத நினைத்த பெயர்?’ என்று பதிபவரிடம் கேட்டுவிடுவது மரியாதை.

அகரவரிசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். குறியெண் வரிசையில் அடுக்கினால் ‘ன’ எழுத்து ‘ப’வுக்கு முன்னால் வந்து நிற்கும், ‘ழ’வும் ‘ள’வும் இடம் மாறும், புள்ளி வைத்த ‘க்’ தன் உயிர்மெய்களுக்கெல்லாம் பின்னால் போய்விடும். உறுப்பினர் பட்டியலை அச்சிட்டுப் பலகையில் ஒட்டும் சங்கமென்றால், முதல் நாளே யாராவது ஒரு தமிழாசிரியர் வந்து கேட்பார். போஸ்ட்கிரஸ் 10 முதல் ஐசியூ என்ற மென்பொருள் நூலகத்தின் தமிழ் வரிசை முறையைப் பயன்படுத்த முடிகிறது.

மறுமொழி: அரைப்புள்ளி

அனைவருக்கும் நன்றி. புலத்தைக் குறியெண் கணக்கில் 100 ஆக்கிவிட்டேன், என்எஃப்சியும் சேர்த்தாயிற்று. கௌரி விவகாரத்தைச் செயலாளரிடம் காட்டியபோது, இரண்டு பெயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நான் ஏதோ வித்தை காட்டுவதாகவே நினைத்தார். இப்போதுதான் ‘20 எழுத்துகள்’ என்ற நிபந்தனைக்குக் காரணம் கிடைத்தது: கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெயருக்கு இருக்கும் கோட்டின் அகலம் அவ்வளவுதானாம். அப்படியானால் நான் எண்ண வேண்டியது எழுத்தையா?

மறுமொழி: எட்டுபிட்

இல்லை. ‘ரா’வும் ‘ணௌ’வும் ஒரே அகலத்தில் அச்சாவதில்லை, 20 எழுத்துகள் கொண்ட ஒரு பெயர் கோட்டுக்குள் அடங்கலாம், 17 கொண்ட இன்னொன்று வெளியே வழியலாம். எந்த எழுத்துருவில் அச்சாகப்போகிறதோ அதே எழுத்துருவில் பெயரை வரைந்து, அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, மிஞ்சினால் எழுத்தின் அளவைக் குறையுங்கள். படிவத்திலிருந்து அந்த ‘அதிகபட்சம் 20’ வாசகத்தை எடுத்துவிடச் சங்கத்தாரைச் சம்மதிக்க வைப்பதற்கு மட்டும் நூலகம் எதுவும் கிடையாது.