பைன் விறகால் புகைபோக்கி கெடுமா? கண்ணாடி கறுக்கிறது, குழாய் இணைப்பில் கறுப்பாகக் கசிகிறது

புகைச்சல்:
வணக்கம். வீட்டைச் சூடாக்க, கண்ணாடிக் கதவு வைத்த இரும்புக் கணப்பு அடுப்பு இருக்கிறது. இந்தக் குளிர்காலம் முழுக்க பைன் விறகுதான். பகலில் ஓரளவு நன்றாகவே எரிகிறது. இரவில் அடுப்பை நிரப்பி, காற்றுத் திறப்பைக் கிட்டத்தட்ட முழுக்க மூடிவிட்டுப் படுப்போம். விடிந்து பார்த்தால் கண்ணாடி கரிச்சட்டி மாதிரி இருக்கிறது. போதாததற்கு, அடுப்புக்கு மேலே உள்ள முதல் குழாய் இணைப்பிலிருந்து பிசுபிசுப்பாக, கறுப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருக்கிறது. அறை முழுக்கத் தார் நாற்றம்.

விறகு காயவில்லை என்று யாராவது சொல்வீர்கள் என்று தெரியும். ஈரமானியை விறகின் வெட்டுமுனையில் குத்திப் பார்த்தேன், 17 காட்டுகிறது. 20க்குக் கீழே இருந்தால் போதும்தானே? பக்கத்து வீட்டுப் பெரியவர், பைனை எரித்தால் புகைபோக்கி ஒருநாள் தீப்பிடிக்கும் என்கிறார். மீதி விறகைத் தள்ளிவிடவா?

கோடாலிக்காம்பு:
பெரியவர் சொல்வதுதான் சரி. பைன் பிசின் மரம். தீ மூட்டச் சிராய் சீவிக்கொள்ளலாம், அதற்குமேல் வேண்டாம். குளிருக்கு ஓக், பீச் மாதிரி கடின மரம்தான்.

தணல்:
பிசின்மேல் பழி போடாதீர்கள். புகைபோக்கியில் படிகிற கிரியோசோட் எந்த மரத்திலிருந்தும் வரும். முழுதாக எரியாத புகையும் நீராவியும் மேலே போகும் வழியில், சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்துகிடக்கும் சுவரைத் தொட்டால் அங்கேயே தாராகப் படியும். ஈர ஓக்கைக் காற்றடைத்து எரித்தாலும் இதே கதிதான். காய்ந்த பைனை நல்ல காற்று விட்டு எரித்தால் பிசினும் சேர்ந்து எரிந்துவிடும், படிய அதிகம் மிஞ்சாது.

எடைக்கு எடை பார்த்தால் பைன் கடின மரத்துக்குச் சளைத்ததல்ல, பிசின் இருப்பதால் சற்றுக் கூடுதலாகவே சூடு தரும். ஆனால் லேசான மரம். அடுப்பு நிறைய வைத்தாலும் எடை குறைவாகத்தான் இருக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். விடியும்வரை தாங்கட்டும் என்று எல்லோரும் காற்றை மூடுவது இதனால்தான். மூடினால் விறகு எரியாமல் புகைகிறது, குழாயும் குளிர்கிறது. உங்கள் கண்ணாடி கறுப்பதும் இதனால்தான்.

அப்புறம் அந்த 17. வெட்டுமுனைதான் முதலில் காயும், அங்கே குத்தினால் மானி எப்போதும் நல்லதையே சொல்லும். ஒரு கட்டையை வீட்டுக்குள் வைத்து அறைச்சூட்டுக்கு வந்ததும் பிளந்து, புதிதாகத் தெரியும் உள்முகத்தின் நடுவில், நார் போகும் போக்கிலேயே இரண்டு ஊசியும் இறங்கும்படி குத்துங்கள். இன்னொன்று: மானிகள் பெரும்பாலும் காய்ந்த மரத்தின் எடைக்கு எவ்வளவு நீர் என்று கணக்கிடும். அதில் 25 காட்டினால் மொத்த எடையில் 20 சதவீதம்.

கோடாலிக்காம்பு:
அப்படியென்றால் பைன் வெடித்துத் தெறிப்பதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தணல்:
தெறிக்கும், மறுக்கவில்லை. உள்ளே அடைபட்ட பிசினும் ஈரமும் கொதித்து வெடிக்கும். திறந்த கணப்பு என்றால் யோசிக்க வேண்டும், இவருடையது கதவு வைத்தது.

ஏணிமேல்:
விறகுப் பேச்சு இருக்கட்டும். இணைப்பில் கசிகிற அளவுக்குப் போயிருக்கிறது என்றால், குழாயைப் பார்க்காமல் இனி அடுப்பை மூட்டாதீர்கள். உள்ளே தொட்டால் உதிரும் கரித்தூள் என்றால் தூரிகையே போதும். 3 மில்லிமீட்டர் படிந்துவிட்டாலே சுத்தம் செய்ய வேண்டும். பளபளவென்று இறுகிப்போயிருந்தால் தூரிகைக்கு அசையாது, தொழில் தெரிந்தவரைத்தான் கூப்பிட வேண்டும். நன்றாக எரித்தால் தானாகக் கழன்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். புகைபோக்கியில் தீப்பிடிப்பதே பெரும்பாலும் அப்படித்தான், 1000 டிகிரியைத் தாண்டலாம். குழாயில் உறுமல் கேட்டால் காற்றுத் திறப்பை மூடி, எல்லோரையும் வெளியேற்றித் தீயணைப்புக்குச் சொல்லுங்கள்.

இணைப்பையும் கவனியுங்கள். நெளிவு வைத்த ஒடுங்கிய முனை அடுப்பை நோக்கிக் கீழே பார்த்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் வழிவது குழாய்க்குள்ளேயே வழிந்து அடுப்பில் விழுந்து எரிந்துவிடும். தலைகீழாகச் சொருகியிருந்தால் வெளியே வரும்.

புகைச்சல்:
பிளந்து குத்தினேன், நடுவில் 36! குழாய் ஏணிமேல் சொன்னதுபோலத் தலைகீழாகத்தான் இருக்கிறது. உள்ளே ஒரு பக்கம் தூள், மேலே வளைவில் பளபளப்பு. ஆள் வரும்வரை அடுப்பு கிடையாது. விறகை என்ன செய்வது? காய்ந்ததோடு கலந்து எரிக்கலாமா?

தணல்:
கலக்காதீர்கள். 36 என்றால் மொத்த எடையில் கால்பங்குக்குமேல் தண்ணீர். 10 கிலோ விறகில் இரண்டரை லிட்டருக்கும் அதிகம். அதை ஆவியாக்குவதற்கே காய்ந்த விறகின் சூட்டில் ஒரு பங்கு போய்விடும்.

தள்ளிவிடவும் வேண்டாம். இப்போதே மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்துவிடுங்கள், முழுக்கட்டையாக வைத்தால் பட்டை ஈரத்தை வெளியே விடாது. தரையில் படாமல் அடியில் கட்டை கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள். தார்ப்பாயை அடுக்கின் தலைக்கு மட்டும் போடுங்கள். பக்கவாட்டில் தரைவரை இழுத்து மூடினால் ஈரம் உள்ளேயே புழுங்கும், பூஞ்சணம்தான் பிடிக்கும். பிளந்த பைன் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் காய்ந்துவிடும். அடுத்த குளிருக்கு இதே விறகு நன்றாக எரியும்.

குழாய் சரியான பிறகும் இரவில் நிரப்பி மூடுகிற பழக்கம் வேண்டாம். கொஞ்சமாகப் போட்டுக் கொழுந்துவிட்டு எரியவிடுங்கள், அணைந்தால் காலையில் மூட்டிக்கொள்ளலாம். குழாயில் காந்த வெப்பமானி ஒன்று ஒட்டிவைத்தால் குளிர்ந்துபோவது கண்ணுக்குத் தெரியும்.

புகைச்சல்:
சரி, பிளக்கத் தொடங்கிவிட்டேன். கண்ணாடிக் கறையை எதைப் போட்டுத் தேய்ப்பது? சுரண்டினால் கீறல் விழுமோ என்று பயம்.

கோடாலிக்காம்பு:
கண்ணாடி ஆறட்டும். நனைத்த செய்தித்தாளை அடுப்புச் சாம்பலில் தொட்டுத் தேயுங்கள். நைசான சாம்பலாக எடுங்கள், பொறுக்கு இருந்தால் கீறும்.