புதுப்பிப்பு: கல்யாண மறுநாள் நீராகாரம் – வறட்சி போனது, போதை இறங்கவில்லை

காரைக்குடி கல்யாண வீட்டில் முந்தின ராத்திரி குடித்தவர்களுக்குக் காலையில் நீராகாரம் கொடுத்தால் சீக்கிரம் தெளியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தெளியாது. "ஈரல் தன் வேகத்தில்தான் போகும்" என்றவர் சொன்னதே சரி. 42.8 சதவீத பிராந்தி 60 மில்லியில் சுமார் 20 கிராம் ஆல்கஹால். ஈரல் அதை முதலில் அசிடால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக்கி, பிறகு தீங்கில்லாத அசிடேட்டாக்கும். மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான். ஆக ஒரு 60-க்கே இரண்டு மூன்று மணி நேரம். நீராகாரத்தின் லாக்டிக் பாக்டீரியா குடலோடு சரி, ஈரலை முடுக்காது. அசிடால்டிஹைடைச் சிதைக்கவென்றே மரபணு மாற்றிய பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவை அமெரிக்காவில் விற்கிறார்கள். நீராகாரத்தில் இருப்பது அதுவல்ல. உப்புப் போட்ட நீராகாரம் நா வறட்சியைத் தீர்த்தது, அவ்வளவே. வண்டிச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

எதிர்பாராதது: சித்திரை வெக்கையில் முதல் சட்டி 20 மணி நேரம் கிடந்து, மேலே நுரை கட்டி, கள் வாடை அடித்தது. ஈஸ்ட் ஏறிவிட்டது, அதிலேயே கொஞ்சம் ஆல்கஹால் ஊறும். கொட்டியாயிற்று. ஆச்சி ஒருவர் எழுதிய முறைதான் நின்றது: நன்றாக ஆறிய சோறு, மண்சட்டி, சோற்றுக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர், 10 மணி நேரம்.