லிஸ்ட் வகை நிரலுக்கு ‘உரைகாட்டி’ வேண்டாம், ‘கோப்புநோக்கி’ ஆகட்டும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் பரவுவதற்கு முன் தனிக்கணினிகளை இயக்கிய டாஸ் இயங்குதளத்தின் காலத்து மென்பொருள்களுக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், கோப்பைத் திருத்தாமல் திரையில் படிக்க மட்டும் உதவும் நிரலுக்கு ‘உரைகாட்டி’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. மற்றொரு நண்பர் ‘புரட்டி’ என்று எழுதியிருக்கிறார். இரண்டும் சுருக்கமானவை, நாவில் தங்கக்கூடியவை. ஆனால் அந்த வகையில் மிகப் பரவலாகப் புழங்கியது வெர்னன் பியூர்க் 1983இல் வெளியிட்ட லிஸ்ட்.காம் என்னும் சிறு நிரலே. அதை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்தால் இரண்டு சொற்களுமே பொருந்தவில்லை, ‘கோப்புநோக்கி’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

லிஸ்ட் இல்லாதவர் எப்படிப் படித்தார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். டாஸோடு வந்த ‘டைப்’ கட்டளை கோப்பைத் திரையில் கொட்டும். 25 வரிகளே கொண்ட திரையில் நீண்ட கோப்பு மேலேறி மறைந்துவிடும். கண்ட்ரோல்-எஸ் அழுத்தி நிறுத்தலாம், ஆனால் போன வரி போனதுதான். ‘மோர்’ என்ற கட்டளை வழியாகச் செலுத்தினால் ஒவ்வொரு திரையாக நின்று நின்று வரும் என்றாலும் பின்னோக்கிச் செல்ல வழியில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு கட்டளையின் வெளியீட்டை மற்றொரு கட்டளைக்குக் கொடுக்கும்போது, டாஸ் இடையில் வட்டில் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதிக்கொண்டது. ஆகவே எழுத்துத் தடைக்காக ஓரத்துக் காடியில் தாள் ஒட்டிய நெகிழ்வட்டை நடப்பு வட்டாக வைத்துக்கொண்டு, வெறுமே படிக்க விரும்பியவருக்கும் வட்டில் எழுத முடியவில்லை என்ற பிழைச்செய்தியே கிடைத்தது.

லிஸ்ட் இந்த நிலையை மாற்றியது. கோப்பின் பெயரைக் கொடுத்து இயக்கினால் மேல்வரியில் பெயரும் இருப்பிடமும், நடுவில் உரை. அம்புக்குறி விசைகளால் வரி வரியாகவும், பக்க விசைகளால் திரை திரையாகவும் முன்னும் பின்னும் செல்லலாம். இடச்சாய்கோட்டை (\) அழுத்தி ஒரு சொல்லைத் தட்டினால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பாராமல் தேடும். வலச்சாய்கோட்டை (/) அழுத்தினால் தட்டியபடியே தேடும். எந்த விசையைத் தவறுதலாக அழுத்தினாலும் கோப்பின் உள்ளடக்கத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. சொற்செயலியில் திறந்து படிப்பவருக்கு இந்த நிம்மதி கிடையாது. கைதவறி ஓர் எழுத்தைச் சேர்த்துச் சேமித்துவிட்டால் போயிற்று.

இங்கேதான் ‘காட்டி’, ‘நோக்கி’ என்ற இரண்டு ஈறுகளின் வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாட்காட்டி, திசைகாட்டி ஆகியவற்றில் கருவி தானே ஒரு செய்தியை அறிவிக்கிறது. நாம் அதை வாங்கிக்கொள்கிறோம். தொலைநோக்கி, நுண்ணோக்கி ஆகியவற்றிலோ பார்ப்பவர் நாம். எங்கே பார்ப்பது, எவ்வளவு நெருங்கிப் பார்ப்பது என்பதையும் நாமே முடிவு செய்கிறோம். அந்தக் கணக்கில் ‘டைப்’ கட்டளையை வேண்டுமானால் காட்டி எனலாம். அதற்குப் படிப்பவரைப் பற்றிய கவலையே இல்லை. லிஸ்ட் நோக்கியின் பக்கம்தான் சேரும். மேலும், திரையில் அடுத்த எழுத்து விழும் இடத்தைக் குறிக்கும் சின்னத்துக்கு ‘இடங்காட்டி’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், ஒரே திரையில் இரண்டு காட்டிகள் வந்து குழப்பம் செய்யும்.

‘நோக்கி’ என்பது ‘ஊரை நோக்கி நடந்தான்’ என்பதில் வரும் சொல்லாகத் தோன்றி வாசிப்பைத் தடுக்கும் என்ற எதிர்ப்பு நியாயமானதே. ‘கோப்பு நோக்கி’ என்று இடைவெளி விட்டு எழுதினால் அந்தத் தடுமாற்றம் வரத்தான் செய்யும். சேர்த்து எழுதுவதை விதியாக வைத்துக்கொண்டால் போதும். கோப்புநோக்கியில், கோப்புநோக்கியை, கோப்புநோக்கிகள் என்று வேற்றுமையும் பன்மையும் தடையின்றி ஏறும். தொலைநோக்கியைப் படிக்கும்போது யாரும் தொலைவை நோக்கி எங்கும் கிளம்பிவிடுவதில்லை.

அடுத்து, முன்னொட்டாக ‘உரை’ ஏன் கூடாது என்பது. லிஸ்ட் உரைக்கோப்புகளை மட்டும் திறந்த நிரலன்று. ‘டைப்’ கட்டளை 26 என்ற குறியீட்டைக் கண்டதும் கோப்பு முடிந்தது என்று நின்றுவிடும். 7 என்ற குறியீடு வந்தால் கணிப்பொறி ‘பீப்’ என்று ஒலிக்கும். ஆகவே இயக்குநிரல் கோப்பு ஒன்றை அதில் பார்க்க முயல்வது வீண். லிஸ்டில் ஆல்ட்-எச் அழுத்தினால் அதே கோப்பு பதினறும (பதினாறை அடியாகக் கொண்ட) எண்களாக விரிந்து நிற்கும். எண் மதிப்பு ஒருபுறம், அதற்குரிய எழுத்து மறுபுறம். இதை உரை என்று யாரும் சொல்லமாட்டோம்.

இன்னும் சுவையான எடுத்துக்காட்டு வேர்ட்ஸ்டார் என்னும் சொற்செயலியின் கோப்புகள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஏழு பிட்டுகளே (இரும இலக்கங்களே) போதும்; எட்டாவதையும் ஏற்றினால் எழுத்தின் எண்மதிப்பு 128 கூடும். வேர்ட்ஸ்டார் தன் ஆவணங்களில் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்திலும் எட்டாம் பிட்டை ஏற்றி வைக்கும் பழக்கம் உடையது. வரியை ஒழுங்குபடுத்த அதற்கு அந்த அடையாளம் தேவைப்பட்டது. அந்தக் கோப்பை ‘டைப்’ கட்டளையில் பார்த்தால், ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தில் முடியும் சொற்களெல்லாம் கிரேக்கச் சிக்மாவில் முடியும். ஏனெனில் 101 என்ற மதிப்போடு 128 சேர்ந்தால் 229, ஐபிஎம் எழுத்துருவில் அந்த இடத்தில் இருப்பது சிக்மா. ‘எஸ்’ என்பதில் முடியும் பன்மைச் சொற்களோ ‘குறைவு அல்லது சமம்’ என்னும் கணிதக் குறியில் முடியும். லிஸ்டில் எட்டாம் பிட்டை நீக்கிக் காட்டும் வசதி இருந்ததால் ஒரு விசையில் பத்தி முழுவதும் படிக்கும்படி ஆகிவிடும். கோப்பு அப்படியே இருக்க, பார்வை மட்டும் மாறுகிறது. நுண்ணோக்கியில் ஆடியை மாற்றுவதும் இதுவும் ஒரே வகைச் செயல் என்பதால் ‘நோக்கி’ என்ற ஈறு இங்கே இன்னும் உறுதிப்படுகிறது. (நம்மவர்களுக்கு இந்த வசதியே வினையாகவும் முடியும். யூனிகோடுக்கு முன் தமிழுக்குப் புழங்கிய திஸ்கி போன்ற எட்டுப்பிட் குறியேற்றங்களில் தமிழ் எழுத்துகள் எல்லாமே மேல் 128 இடங்களில் இருப்பதால், எட்டாம் பிட்டை நீக்கினால் தமிழ் அடியோடு போய் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த குப்பையே மிஞ்சும்.)

‘புரட்டி’ என்ற சொல்லுக்கு யூனிக்ஸ் இயங்குதள உலகின் மோர், லெஸ் என்னும் நிரல்கள் சான்றாகக் காட்டப்பட்டன. பக்கம் பக்கமாக நகர்த்துவதையே முதன்மையாகக் கொண்ட அந்த நிரல்களுக்கு ‘பக்கம்புரட்டி’ என்று வைத்துக்கொள்ளலாம், மறுப்பில்லை. வெறும் ‘புரட்டி’ மட்டும் வேண்டாம். பொய்யும் புரட்டும் என்ற இணைமொழி நம்மிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

லிஸ்ட் என்ற பெயரையே மொழிபெயர்த்துப் ‘பட்டியல்’ என்று போட வேண்டும் என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. நிரலின் மூலவரிகளைத் திரையில் விரித்துக் காட்டுவதற்குப் பேசிக் என்னும் நிரல்மொழியில் இருந்த கட்டளையின் பெயர் லிஸ்ட். ஐபிஎம் கணிப்பொறியில் பேசிக்கைத் திறந்தால் கீழ்வரியில் முதல் விசைக்கு எதிரே எழுதியிருந்ததும் அதுவே. அக்காலத்தவர் காதில் அந்தப் பெயர் ‘எடுத்துக் காட்டு’ என்றே ஒலித்தது. தனிப்பெயரை ஒலிபெயர்த்து விட்டுவிடுவோம்.

உண்மையில் பட்டியல் வேலையைச் செய்தது பின்னாள் பதிப்புகளில் சேர்ந்த வேறொரு பகுதி. கோப்பின் பெயரைக் கொடுக்காமல் இயக்கினால் நடப்பு அடைவிலுள்ள (டைரக்டரியிலுள்ள) கோப்புகளின் பெயர்கள் திரையில் வரிசையாக நிற்கும்; அம்புக்குறியால் ஒன்றின் மேல் போய் நின்று திறக்கலாம், படியெடுக்கலாம், பெயர் மாற்றலாம், அழிக்கலாம். கட்டளைகளை மனப்பாடம் செய்யாதவருக்கு டாஸையே எளிதாக்கிய பகுதி இது. இதற்கு ‘கோப்புத் தேர்வுப்பட்டி’ என்பதே பொருத்தம். ‘பட்டி’ மட்டும் போதும் என்று சிலர் சொல்லக்கூடும்; ஆனால் கருவிப்பட்டி, நிலைப்பட்டி என்று திரையின் ஓரங்களில் கிடக்கும் எல்லாவற்றுக்கும் அச்சொல்லைக் கொடுத்துவிட்டோம். தேர்ந்தெடுப்பதற்கானது என்பதைச் சொல்லிலேயே காட்டிவிடுவது நல்லது.

இனி, இந்நிரல் பரவிய முறைக்கான சொல். பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பிறகு பணம் அனுப்பும் ‘ஷேர்வேர்’ முறைக்குப் ‘பகிர்மென்பொருள்’ பரவலாகிவிட்டது, அதை மாற்றப் போராடுவதில் பயனில்லை. ஆயினும் விளக்கக் குறிப்பில் பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. 1982இல் ஆண்ட்ரூ ஃப்ளூகெல்மேன் பிசி-டாக் என்னும் தம் தகவல்தொடர்பு நிரலை ‘ஃப்ரீவேர்’ என்று அழைத்துக்கொண்டே, பயன்படுவதாகக் கருதினால் 25 டாலர் அனுப்புமாறு கேட்டார். அதே ஆண்டில் பிசி-ஃபைல் என்னும் தரவுத்தள நிரலை எழுதிய ஜிம் நாஃப் ‘பயனர் ஆதரவு மென்பொருள்’ என்றார். மைக்ரோசாஃப்டிலிருந்து விலகி 1983இல் பிசி-ரைட் என்னும் சொற்செயலியை வெளியிட்ட பாப் வாலஸ் பயன்படுத்திய ‘ஷேர்வேர்’ என்ற பெயரே நிலைத்தது. அவர் பதிவுக்கு 75 டாலர் வாங்கினார். ஒருவர் கொடுத்த படியைப் பெற்றவர் பதிவு செய்துகொண்டால், கொடுத்தவருக்கு அதிலிருந்து 25 டாலர் தரகு கிடைத்தது. ஆகவே இங்கே பகிர்வதே விற்பனை. நம் ஊர்த் தெருக்களில் புடவை மூட்டையோடு வந்து, உடுத்திப் பாருங்கள், பணத்தை அடுத்த மாதம் வாங்கிக்கொள்கிறேன் என்று விட்டுச்செல்லும் தவணைக்காரரின் நம்பிக்கைக்கு நெருக்கமானது இது. ‘இலவச மென்பொருள்’ என்றோ ‘கட்டற்ற மென்பொருள்’ என்றோ இதைக் குறிப்பது பிழை. கட்டற்றதில் மூலநிரலைத் திருத்தும் உரிமையும் அடங்கும், இங்கே அது இல்லை.

இந்த விற்பனை முறைக்கும் கோப்புநோக்கிக்கும் ஒரு தொடர்பு உண்டு. கைமாறி வந்த பகிர்மென்பொருள் படியோடு அச்சிட்ட கையேடு வராது. விளக்கம் முழுவதும் அதே வட்டில் ஓர் உரைக்கோப்பாக இருக்கும், பதிவுக் கட்டணத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதும் அதில்தான் இருக்கும். எனவே புதிய வட்டு கைக்கு வந்ததும் முதலில் தேவைப்பட்டது படிக்கும் கருவி. இதனால் சொற்பட்டியலில் இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து வைத்து, ஒன்றின் விளக்கத்தில் மற்றதைச் சுட்டலாம் என்று நினைக்கிறேன்.

ஒரு சொல் மிச்சம் இருக்கிறது. திரையின் அகலமான 80 எழுத்துகளைத் தாண்டும் வரியை அடுத்த வரியில் தொடரச் செய்ய லிஸ்டில் டபிள்யூ விசையை அழுத்தினோம். இதற்கு ‘வரிமடிப்பு’ என்று எழுதிவந்திருக்கிறேன்; ‘வரிச்சுருட்டல்’ என்று பட்டியலின் பழைய பதிவில் இருக்கிறது. சுருட்டினால் உள்ளே மறைந்துவிடும் என்பதாலும், திரையை மேலும் கீழும் உருட்டுவதோடு குழம்பும் என்பதாலும் முன்னதையே விரும்புகிறேன். நிரல் எழுதும் நண்பர்கள் கைப்பழக்கத்தில் எந்தச் சொல்லைச் சொல்கிறார்கள் என்று தெரிவித்தால் அந்தப் பதிவையும் முடித்துவிடலாம்.