உயர்தரத்துக்குப் பின்: இலவச இணையவழிக் கற்கையா, கட்டண டிப்ளோமாவா?

கோண்டாவிலான்:
உயர்தரப் பெறுபேறு வெளியாகி, இசட் புள்ளி போதாமல் பல்கலைக்கழகம் கைநழுவிப் போன வீடுகளில், அடுத்த கிழமையே டிப்ளோமாவுக்குப் பணம் புரட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நகையை அடகு வைத்தும், வெளிநாட்டிலிருக்கும் உறவினரிடம் கேட்டும் இலட்சக்கணக்கில் கட்டுகிறார்கள். கணினி, கணிதம், புள்ளிவிபரவியல் ஆகியவற்றைப் பொறுத்தவரை அந்தச் செலவு வேண்டியதில்லை என்பதே என் நிலைப்பாடு.

மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் தன் பாடங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்போவதாக 2001இல் அறிவித்தது. இன்று அங்கே 2,500க்கு மேற்பட்ட பாடநெறிகள் கிடைக்கின்றன. அங்கே கணிதம் கற்பித்த பேராசிரியர் கில்பேர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணித விரிவுரைகளை நள்ளிரவிலும் பார்க்கலாம், பயிற்சித் தாள்களை விடைகளுடன் தரவிறக்கியும் வைத்துக்கொள்ளலாம். இந்திய ஐ.ஐ.ரி. பேராசிரியர்களின் விரிவுரைகள் என்.பி.ரி.ஈ.எல். என்ற இந்திய இணையவழிக் கற்கைத் திட்டத்தின் வழியாக யூரியூப்பில் இருக்கின்றன. நமது மொறட்டுவைப் பல்கலைக்கழகமே மென்பொருள் உருவாக்கப் பயிற்சி ஒன்றை இணையத்தில் இலவசமாக நடத்துகிறது. இவற்றை விடச் சிறந்த எதை நகரத்து நிலையங்கள் கற்பிக்கின்றன?

பயிற்றுநர்:
ஐயா, நான் அத்தகைய நகரத்து நிலையம் ஒன்றில்தான் படிப்பிக்கிறேன். விரிவுரையின் தரத்தில் நாங்கள் ஸ்ட்ராங்குடன் போட்டியிடவில்லை. பிள்ளை முடிக்குமா என்பதே என் கேள்வி. ஹாவார்ட், மசாச்சுசெற்ஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களின் இணையப் பாடநெறிகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019இல் சயன்ஸ் இதழில் வெளியானது. 2017-18 காலப்பகுதியில் பதிந்தவர்களுள் ஏறத்தாழ 3 சதவீதத்தினரே பாடநெறியை முடித்திருந்தனர். சான்றிதழுக்கென்று பணம் கட்டியவர்களிலோ 46 சதவீதத்தினர் முடித்திருந்தனர். கட்டிய பணமும், காலை எட்டு மணிக்கு வரவு இடும் ஆசிரியரும் பதினெட்டு வயதுப் பிள்ளையைப் பிடித்து இருத்துகின்றன. தன் வேகத்தில் படிக்கலாம் என்றால், பெரும்பாலான பிள்ளைகள் மூன்றாம் வாரத்தில் நின்றுவிடுகிறார்கள்.

இணுவில் மாணவி:
ஐயா சொல்லும் 3 சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதே ஆய்வின்படி, பதிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடநெறிக்குள் ஒருமுறைகூட நுழையவேயில்லை. எட்டிப் பார்க்க வந்தவர்களையும் படிக்க வந்தவர்களையும் ஒன்றாகக் கூட்டிப் பெற்ற கணக்கு அது. பணம் கட்டியவர்கள் முடிப்பது பணத்தாலா, அல்லது முடிக்கும் உறுதியுள்ளவர்கள்தான் பணம் கட்டுகிறார்களா என்பதையும் அந்த எண் சொல்லாது.

நான் ஹாவார்ட்டின் கணினி அறிவியல் அறிமுகப் பாடநெறியான சி.எஸ்.50ஐ இணையத்தில் படிக்கிறேன். அதில் ஒரு பயிற்சி: நினைவக அட்டை ஒன்றின் பிரதியைத் தந்து, அதிலிருந்து அழிக்கப்பட்ட 50 படங்களை மீட்கச் சொல்கிறார்கள். கோப்பை 512 பைற் துண்டுகளாக வாசித்து, ஒவ்வொரு துண்டின் முதல் நான்கு பைற்றுகளைப் பார்த்து, புதிய படம் அங்கே தொடங்குகிறதா என்று நிரல் தானே முடிவுசெய்ய வேண்டும். எழுதிய நிரலை அனுப்பினால் எந்தச் சோதனையில் தவறியது என்று தானியங்கிப் பரிசோதகர் உடனே சொல்லிவிடும்; ஏன் தவறியது என்பதை நாமே தேடவேண்டும். நினைவகம் எப்படி இயங்குகிறது என்பதை அந்தத் தேடலில்தான் விளங்கிக்கொண்டேன். அதே தலைப்பை வகுப்பில் குறிப்பு எழுதி மனனம் செய்த தோழிகளுக்கு இந்தப் பயிற்சியை இன்னும் யாரும் கொடுக்கவில்லை.

சங்கானைத் தாய்:
இங்கே எழுதுபவர்கள் எல்லோரிடமும் மடிக்கணினி இருக்கிறது போலும். எங்கள் வீட்டில் உள்ளது ஒரே ஒரு கைத்தொலைபேசி. அதில்தான் சாதாரண தரம் எழுதப்போகும் மகனும் படிக்கிறான். மகள் தமிழ் மொழிமூலம் வணிகப் பிரிவில் படித்தவள். ஆங்கில விரிவுரையை நிறுத்தி நிறுத்திக் கேட்டாலும், ஐயம் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது? டேற்றாவும் இலவசமாகக் கிடைப்பதில்லையே.

நேர்முகம் செய்பவர்:
யாழ்ப்பாணத்தில் இயங்கும் சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு ஆட்களைத் தெரிவுசெய்யும் பொறுப்பு என்னுடையது. நாங்கள் சான்றிதழை ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்துவிடுவோம். பிறகு கணினியைக் கொடுத்து, விண்ணப்பதாரர் தாமே எழுதிய நிரலைத் திறந்து, அதில் ஒரு சிறு மாற்றம் செய்யச் சொல்வோம். டிப்ளோமா பெற்றவர்களிலும் இணையத்தில் படித்தவர்களிலும் இந்த இடத்தில் தடுமாறுபவர்கள் உண்டு. ஆனால் தானாகப் பிழை தேடிப் பழகியவர் தடுமாறினாலும் வழியைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

பயிற்றுநர்:
உங்கள் நிறுவனம் அப்படிப் பார்க்கலாம். அரச திணைக்களத்தின் விண்ணப்பப் படிவம் நிரலைத் திறந்து பார்க்காது. அது தேசிய தொழில் தகைமையின் எத்தனையாவது மட்டம் என்றுதான் கேட்கும். மசாச்சுசெற்ஸின் திறந்த பாடங்களுக்குச் சான்றிதழே இல்லை, என்.பி.ரி.ஈ.எல். சான்றிதழுக்கு இந்தியாவிலுள்ள நிலையத்துக்குப் போய்ப் பரீட்சை எழுதவேண்டும். சங்கானையிலிருந்து எழுதிய தாயாரின் மகளுக்குத் தமிழில் ஐயம் தீர்க்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்குச் சம்பளமும் வேண்டும்.

கோண்டாவிலான்:
அரச வேலைதான் குறி என்றால் தகைமை மட்டம் தேவை என்பதை ஏற்கிறேன். அப்படியானால் பெற்றோர் பணம் கட்டுமுன், அந்த நிலையமும் பாடநெறியும் மூன்றாம் நிலைத் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானவையா என்று கேட்கட்டும். டிப்ளோமா என்ற பெயருடன் விற்கப்படும் எல்லாம் தேசிய தொழில் தகைமையில் டிப்ளோமாவுக்குரிய ஐந்தாம் மட்டம் ஆகிவிடாது. திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையமும் இங்கேயே இருக்கிறது. முறையான தகைமை வேண்டுவோர் முதலில் அங்கே விசாரிக்கலாம்.

சங்கானை அம்மாவின் கேள்வி இதையெல்லாம் விடக் கனமானது. நமது ஊர்கள்தோறும் சனசமூக நிலையங்கள் உள்ளன. பல இடங்களில் மாலையில் பத்திரிகை வாசிப்பவர் இரண்டொருவரைத் தவிர வேறு ஆட்கள் இல்லை. அங்கே பழைய கணினி ஒன்றில் விரிவுரைகளைத் தரவிறக்கி வைத்தால் டேற்றாச் செலவு மிச்சமாகும். ஒரே பாடநெறியைப் படிக்கும் ஆறேழு பிள்ளைகள் குறித்த நாட்களில் கூடினால், இணுவில் தங்கை போன்ற ஒருவர் பயிற்சிகளைத் தமிழில் விளக்கலாம். வரவு இடுவதற்கு இலட்சக்கணக்கில் கட்டத் தேவையில்லை.

இணுவில் மாணவி:
சனி மாலைகளில் என்னால் வரமுடியும். ஆனால் சி.எஸ்.50ஐ நேரடியாகத் தொடங்க வேண்டாம். வணிகப் பிரிவில் படித்தவர்களுக்கு முதலில் விரிதாளும் அடிப்படைப் புள்ளிவிபரவியலும் பொருத்தம்.

பயிற்றுநர்:
கட்டணம் பற்றிய என் கருத்து மாறவில்லை. தன்னார்வமாக வருபவர் பரீட்சைக் காலத்தில் வராமல் விட்டால் அந்த ஆறேழு பிள்ளைகளும் நடுவழியில் நிற்பார்கள். சம்பளம் பெறும் ஆசிரியர் அப்படி விடமுடியாது. மாற்றாக வருவதற்கு இரண்டாவது ஆள் யார் என்பதைக் கோண்டாவில் ஐயா முதலில் சொல்லட்டும்.