கல்லடி வீட்டார் குழு: புதன் இரவு

பெரியம்மா (இரவு 8.50)
"நல்லதையே நினை, நல்லதே நடக்கும்." எல்லாரும் வாசியுங்க பிள்ளைகள் 🙏🌸

கவி
பெரியம்மா, கோபிக்க வேண்டாம். கொஞ்ச நாளைக்கு இப்படியானதை அனுப்பாதீங்க. வாசிக்க வாசிக்க என்னில்தான் ஏதோ பிழை என்று தோன்றுகிறது.

பெரியம்மா
என்ன மகள், என்ன நடந்தது?

அம்மா
இரண்டு கிழமையாகச் சரியாகச் சாப்பிடுகிறாள் இல்லை அக்கா. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி விறாந்தையில் இருக்கிறாள்.

அண்ணா (கட்டார்)
கவி, சொல்லு. இதில் இருப்பது நாங்கள்தானே.

கவி (9.20)
சரி, சொல்கிறேன். நீளமாக வரும்.

வேலை கஷ்டம் என்று இல்லை. கணக்குப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். காலையில் மண்முனைப் பாலம் தாண்டி படுவான்கரைக்குப் போனால், எங்கள் கம்பனியில் கடன் எடுத்த அம்மாக்கள் தவணை கட்ட மரத்தடியில் கூடியிருப்பார்கள். முன்பெல்லாம் என்னைக் கண்டால் சிரிப்பார்கள், இளநீர் வெட்டித் தருவார்கள். இப்போது என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே சிலர் வீட்டுக்குப் பின்பக்கத்தால் போய்விடுகிறார்கள். வெள்ளத்தில் வயல் அழிந்த ஓர் அம்மா, தோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் வாங்கவில்லை.

அன்றைக்கு வசூலில் குறைந்த தொகை இரவு பத்து மணிக்கு வேலைக் குழுவில் வந்தது. கிளையில் உள்ள எல்லாருடைய பெயரும் வரிசையாக. என் பெயர் கடைசியில், சிவப்பு எழுத்தில். போன் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. பகலில் அந்த அம்மாக்களின் முகம், இரவில் அந்தப் பட்டியல்.

இப்போது யார் அழுதாலும் எனக்குள் ஒன்றும் அசைவதில்லை. என்ன செய்தும் பிரயோசனமில்லை என்றிருக்கிறது. அதுதான் பயம்.

பெரியம்மா
ஐயோ என் பிள்ளை. இவ்வளவையும் மனதுக்குள் வைத்துக்கொண்டா இருந்தாய்? வெள்ளிக்கிழமை மாமாங்கத்துக்குப் போய் ஓர் அர்ச்சனை செய்வோம்.

சர்மி மச்சாள் (9.41)
கோயிலுக்கும் போங்க மாமி. ஆனால் கவி கடைசியாக எழுதியதைக் கவனியுங்க. 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டைத் திருத்தியபோது, வேலையால் வரும் இந்தச் சோர்வையும் விளக்கி எழுதியது. இதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் தீராமல் கிடக்கும் அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. சக்தி முழுக்க வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப் போவது, செய்வதில் பலனில்லை என்ற எண்ணம், இவைதான் அடையாளம். கவி எழுதியதில் எல்லாமே இருக்கிறது. காரணம் கந்தோரில் இருக்கும்போது இவளுடைய மனதை மட்டும் திருத்தச் சொல்வது நியாயமில்லை.

கவி, படபடப்பு வரும்போது மூச்சை மெதுவாக இழு. இழுத்ததை விட நீளமாக விடு. நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் போதும், சில நிமிடத்தில் நெஞ்சடிப்பு இறங்கும். வார்ட்டில் பயந்துபோய் வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த நேரத்துக்குத்தான் அது. பட்டியல் வருவதை அது நிறுத்தாது.

அம்மா
இரவு ஒன்பது மணிக்குச் சாயம் கூட்டித் தேத்தண்ணி வேறு குடிக்கிறாள்.

சர்மி மச்சாள்
அதை விடச் சொல்லுங்க. தேயிலையில் உள்ள கஃபீனில் கிட்டத்தட்டப் பாதி ஐந்து மணித்தியாலம் கழித்தும் உடம்பில் நிற்கும்.

மாமா (9.58)
கவி, இரவில் அந்தக் குழுவைப் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் தந்திருக்கிறார்களா?

கவி
இல்லை மாமா. பார்க்காவிட்டால் காலையில் எல்லாருக்கும் முன்னால் கேள்வி வரும்.

மாமா
நான் தொழில் திணைக்களத்தில் வேலை செய்தவன், அதனால் சொல்கிறேன். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் உனக்கும் பொருந்தும். நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. கிழமையில் ஒன்றரை நாள் ஓய்வு. வருடாந்த லீவு 14 நாள், அவசரத் தேவைக்கு 7 நாள். எத்தனை எடுத்திருக்கிறாய்?

கவி
இந்த வருடம் ஒன்றும் எடுக்கவில்லை. கேட்டால் மற்றவர்களுக்குப் பாரம் என்கிறார்கள்.

மாமா
அது அவர்கள் போடும் பிச்சை இல்லை மகள். எழுத்தில் கேள், பிரதி ஒன்றை வீட்டில் வை. தோட்டைக் கழற்றிய அம்மாவை நினைத்து உன்னை வருத்தாதே. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த சின்னக் கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. மட்டக்களப்பும் அதில் இருந்தது. அவ்வளவு பெரிய சுமையை உன் ஒருத்தியின் தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

அண்ணா (கட்டார்)
வேலையை விடு கவி. நான் பார்த்துக்கொள்கிறேன்.

கவி
வேண்டாம் அண்ணா. எனக்கு வேலை வேண்டும். இப்படிச் செய்யத்தான் முடியவில்லை. தலைமைக் கிளையில் கணக்குப் பிரிவில் ஓர் இடம் இருக்கிறது. மாற்றம் கேட்கலாம்.

அண்ணா (கட்டார்)
சரி, கேள். அதுவரை வீட்டுப் பாரத்தையாவது பிரிப்போம். அம்மாவின் கிளினிக், தம்பியின் டியூஷன், கரண்ட் பில், எல்லாம் அவள் தலையில். பில்லை இங்கிருந்தே கட்டிவிடுவேன். தம்பி இனி சைக்கிளில் போகட்டும்.

பெரியம்மா
கிளினிக்குக்கு நான் கூட்டிப் போகிறேன். ஆரையம்பதியில் பஸ் ஏறினால் எவ்வளவு நேரம்?

சர்மி மச்சாள் (10.15)
நல்லது மாமி. கவி, இன்றைக்கே அந்த வேலைக் குழுவின் சத்தத்தை நிறுத்து. போனை அறைக்கு வெளியே வை.

இன்னொன்று. நித்திரையும் சாப்பாடும் கெட்டு இரண்டு கிழமை ஆகிவிட்டது. இனிப் பொறுத்திருக்கக் கூடாது. போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நான் கூட வருகிறேன்.

அம்மா
மனநலப் பிரிவா? ஆட்கள் கண்டால் என்ன கதைப்பார்கள் பிள்ளை?

சர்மி மச்சாள்
சின்ன மாமி, உங்கள் பிரஷருக்குக் கிளினிக் போகும்போது யாரும் கதைக்கவில்லையே. 2004 சுனாமிக்குப் பிறகு நாவலடியிலும் கல்லடியிலும் எத்தனை பேர் வாய் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே உருகினார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

பெரியம்மா
உண்மை. எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்கள். தங்கச்சி, பிள்ளையைப் போக விடு.

அம்மா
சரி. நானும் வருகிறேன்.

சர்மி மச்சாள்
நடுராத்திரியில் தாங்க முடியாவிட்டால் எனக்கு எடு. நான் வார்ட்டில் நின்றால் 1926க்கு எடு. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் ஆள் இருப்பார்கள்.

கவி (10.31)
சரி மச்சாள். திங்களும் செவ்வாயும் லீவு கேட்கிறேன். திங்கள் காலை வைத்தியரிடம் போவோம். மாமா, லீவையும் மாற்றத்தையும் ஒரே கடிதத்தில் எழுதலாமா?

மாமா
வேண்டாம், இரண்டாக எழுது. ஒன்றை மறுத்தாலும் மற்றது நிற்கும். நாளைக்குப் பின்னேரம் நான் வருகிறேன், இருந்து எழுதுவோம்.

கவி
ஆறு மணிக்குப் பிறகு வாங்க மாமா. நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்து வைக்கிறேன்.